தாழ்ப்பாள் வெளியே இருந்தது

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குக் கதை கட்டத் தெரியாது. நான் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறவள். எழுத்து தெளிவாகத் தெரிகிறதா, மங்கலாகத் தெரிகிறதா, இந்த லென்ஸ் நன்றாக இருக்கிறதா, அந்த லென்ஸா... என் பிழைப்பே இதுதான். தெரிவதைத் தெரிகிறது என்றும் தெரியாததைத் தெரியவில்லை என்றும் சொல்லித்தான் பழக்கம். இதையும் அப்படியே சொல்கிறேன். பார்த்ததைப் பார்த்தேன் என்பேன். கேட்டதைக் கேட்டேன் என்பேன். அன்று என்னோடு இருந்தது என் மகள் மட்டும்தான். அப்போது அவளுக்கு ஆறு வயது. இன்றைக்கும் அவளைக் கேட்டால் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் இதையேதான் சொல்வாள். ஆனால் தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள்.

என் கணவர் பஸ் ஓட்டுகிறார். அவருக்கு மாற்றல் வந்ததால்தான் அந்த ஊருக்குப் போனோம். ஒரு காலத்தில் அது ஊரே இல்லை. எல்லையில் பட்டாளம் போட்ட காவல் முகாம். சுற்றிலும் பொட்டல் காடு, நடுவில் ஒரு மதில், மதிலுக்குள் சிப்பாய்கள். பிறகு எல்லை எங்கோ தள்ளிப் போய்விட்டது. பட்டாளமும் போய்விட்டது. முகாம் மட்டும் நின்று, மெல்ல மெல்ல ஊராகிவிட்டது.

ஊருக்குள் நடந்தால் எல்லாமே பட்டாளத்தின் மிச்சம்தான். அணிவகுப்பு நடந்த மைதானம் பஸ் ஸ்டாண்ட் ஆகியிருந்தது. குதிரை லாயத்தில் காய்கறி மார்க்கெட். தளபதி குடியிருந்த பங்களாவில் தபால் ஆபீஸ். மதிலை ரோட்டுக்காக இரண்டு இடத்தில் உடைத்துவிட்டு, மிச்ச மதிலில் சினிமா போஸ்டர் ஒட்டியிருந்தார்கள்.

சிப்பாய்கள் தங்கியிருந்த நீளக் கட்டடத்தை எல்லாரும் 'லைன்' என்பார்கள். ஒரே கூரை, வரிசையாக அறைகள். ஒவ்வொரு அறையும் ஒரு கடை. சைக்கிள் கடை, ஜெராக்ஸ் கடை, சலூன், டெய்லர் கடை. கடைசி அறை மட்டும் ரொம்ப நாளாகக் காலி. அதைத்தான் நான் வாடகைக்கு எடுத்தேன்.

கட்டடத்தின் சொந்தக்காரர் மருந்துக் கடை வைத்திருப்பவர். சாவியைக் கையில் கொடுக்கும்போது, "வெயில் துளிகூட உள்ள வராதும்மா, ஜில்லுன்னு இருக்கும்" என்றார்.

"வெளிச்சமும் வராது போலிருக்கே சார்."

"கண்ணு டெஸ்ட் பண்றதுக்கு இருட்டு தானேம்மா வேணும்?"

அவர் சொன்னதும் சரிதான். சிரித்துக்கொண்டே சாவியை வாங்கிக்கொண்டேன்.

மற்ற கடைகளுக்கெல்லாம் இரும்பு ஷட்டர் போட்டிருந்தார்கள். என் அறைக்கு மட்டும் அந்தக் காலத்துப் பலகைக் கதவு. அதற்கு ஒரே ஒரு தாழ்ப்பாள். என் மணிக்கட்டு கனம் இருக்கும், இரும்பு. அது வெளிப்பக்கம் இருந்தது. உள்பக்கம் ஒன்றுமே இல்லை. எப்போதோ இருந்து கழற்றியதற்கான ஆணி ஓட்டைகூட இல்லை. கீல்களும் வெளியேதான். 'கட்டினவனுக்குக் கோளாறு போல' என்று நினைத்து, உள்ளே ஒரு சின்னக் கொக்கி வாங்கிப் போட்டேன்.

பின்சுவரில் ரொம்ப உயரத்தில் ஒரு துளை. காற்றுக்காக விட்டது என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் ஸ்டூல் போட்டு ஏறி ஒட்டடை அடித்தேன். அப்போதுதான் கவனித்தேன். அது உள்ளே குறுகலாகவும் வெளியே அகலமாகவும் இருந்தது. கோட்டைச் சுவர்களில் துப்பாக்கி நீட்டும் துளை இதற்கு நேர்மாறாக இருக்கும் என்று படித்திருக்கிறேன். உள்ளே இருப்பவன் வெளியே சுட வசதியாக, உள்ளே அகலம், வெளியே குறுகல். இங்கே தலைகீழ். உள்ளேயிருந்து பார்த்தால் விரலளவு வானம். வெளியேயிருந்து பார்த்தால்... அறை முழுதும் தெரியும்.

அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கடையில் வேலை தலைக்கு மேல் இருந்தது.

தரையிலும் ஒன்று கவனித்தேன். காலையில் ஈரத்துணி போட்டுத் துடைத்தால் நடுத்தரை நிமிஷத்தில் காய்ந்துவிடும். சுவரோரம் மட்டும் காயாது. அதுவும் திட்டுத் திட்டாக. ஒரு ஆள் நீளம், ஒரு ஆள் அகலம். பாய் விரித்த மாதிரி, மூன்று சுவர்களையும் ஒட்டி வரிசையாக. வலது பக்கம், வாசலை ஒட்டி ஒரு இடம் மட்டும் சட்டென்று காய்ந்துவிடும். அங்கேதான் என் மகளுக்கு ஒரு சின்னப் பாய் போட்டிருந்தேன். வீட்டில் அவளை வாண்டு என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடம் விட்டதும் வந்து அதில் உட்கார்ந்து படம் வரைவாள். அப்புறம் என் நாத்தனார் வந்து வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவாள்.

பிறகு அந்தப் பெரியவர் வந்தார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பவர் பார்க்கும் ஃப்ரேமை அவர் மூக்கில் மாட்டி, லென்ஸ் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை.

"இப்ப தெரியுதா சார்?"

"மேல் வரி தெரியுது. கீழ் வரி மறைக்குதும்மா."

"மங்கலா இருக்கா?"

"இல்ல, நல்லாத்தான் இருக்கு. முன்னாடி உக்காந்திருக்காரே, அவரைக் கொஞ்சம் நகரச் சொல்லுங்க."

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. லென்ஸை எடுத்தேன். பெரியவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "இப்ப இல்லியே... போயிட்டாரா?" என்றார்.

வயசான கண். புரை விழும் நேரம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் மறு வாரம் கல்லூரிப் பெண் ஒருத்தி வந்தாள். அதே நாற்காலி, அதே பலகை. அவள் கேட்டது இதுதான். "ஏங்க்கா, இவ்வளவு பேரு கீழ உக்காந்திருக்காங்க, ஒரு பெஞ்ச் போடக் கூடாதா?"

கணவரிடம் சொன்னேன். "உன் லென்ஸுல ஏதோ கோளாறு. நீயே ஒரு டாக்டரைப் பாரு" என்று சிரித்தார்.

அந்த நாள் வந்தது.

மறுநாள் காலை ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளின் கண்ணாடிகளைக் கொடுத்தாக வேண்டும். பாதி ஃப்ரேமில் லென்ஸ் ஏற்றவே இல்லை. கணவர் வெளியூர் சர்வீஸில் போயிருந்தார். நாத்தனாருக்குக் காய்ச்சல். அதனால் வாண்டு என்னோடு கடையிலேயே இருந்தாள்.

லைனில் எல்லாக் கடையும் ஆறு மணிக்குள் சாத்திவிடுவார்கள். சோம்பேறி ஊர் என்று கேலி செய்துகொண்டே நானும் அவர்களோடு கிளம்பிவிடுவேன். அன்றும் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியாகப் பக்கத்துக் கடை டெய்லர் அண்ணன் என் வாசலில் வந்து நின்றார். கழுத்தில் இஞ்ச் டேப், கையில் பூட்டு.

"கிளம்பலயாம்மா?"

"கொஞ்சம் வேலை இருக்குண்ணே. ஒரு மணி நேரம்."

அவர் போகவில்லை. வாண்டுவைப் பார்த்தார். அவள் பாயில் குப்புறப் படுத்து யானைக்குப் பச்சை கலர் அடித்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பாவையாவது நான் கூட்டிட்டுப் போய் வீட்ல விட்டுடட்டுமா?"

"எதுக்குண்ணே உங்களுக்குச் சிரமம். சேர்ந்தே போயிக்கிறோம்."

ஏதோ சொல்ல வாயெடுத்தார். பூட்டைக் கையில் உருட்டினார். பிறகு போய்விட்டார்.

சுவர்க் கடிகாரத்தில் ஆறு பத்து. அப்போதுதான் முதல் சத்தம்.

லைனின் அந்தக் கோடியிலிருந்து வந்தது.

கிரீ...ச். டணார்.

இரும்புத் தாழ்ப்பாள் இழுத்துப் போடும் சத்தம். வாட்ச்மேன் யாராவது இருக்கும் என்று நினைத்தேன். லென்ஸை அரைக்கும் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தேன்.

கிரீ...ச். டணார்.

கொஞ்சம் பக்கத்தில்.

கிரீ...ச். டணார்.

இன்னும் பக்கத்தில். வேலையைத் தொடரலாம் என்று கையை மெஷினில் வைத்தேன். வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. லைனில் இருப்பதெல்லாம் ஷட்டர். உருட்டி இறக்கும் தகர ஷட்டர்.

தாழ்ப்பாள் இருப்பது என் கதவுக்கு மட்டும்தான்.

கிரீ...ச். டணார். இது டெய்லர் கடை. சுவருக்கு அந்தப் பக்கம்.

எழுந்து ஓடினேன். கதவு திறந்துதான் கிடந்தது. வெளியே சாயங்கால வெளிச்சம் தெரிந்தது, எதிர்ப்பக்க டீக்கடையின் பெயர்ப் பலகை தெரிந்தது. நான் நிலைப்படிக்கு வருவதற்குள் கதவு நகர்ந்தது. காற்றில் அடிபட்ட மாதிரி இல்லை. தினமும் செய்கிற வேலையைச் செய்கிறவர் இழுத்துச் சாத்துவது போல, நிதானமாக.

கிரீ...ச்.

டணார்.

தள்ளினேன். தோளால் மோதினேன். மலையைத் தள்ளுவது போலிருந்தது. "யாருங்க அது? உள்ள ஆள் இருக்கோம்! திறங்க!" என்று கத்தினேன். ஆணி அடித்த பூட்ஸ் கல்லில் உரசும் சத்தம். நடந்து போகிறது... கடைசிச் சுவரைச் சுற்றிப் பின்பக்கம் போகிறது.

வாண்டு படம் வரைவதை நிறுத்திவிட்டாள். "அம்மா, யாரு பூட்டினா?"

"தெரியாமப் பூட்டிட்டாங்கடா. இப்ப திறந்துடுவாங்க."

போனை எடுத்தேன். அந்த அறைக்குள் எப்போதுமே சிக்னல் கிடைக்காது. வாசலில் நின்றுதான் பேசுவேன். சுவரோரம், கதவிடுக்கு, மேஜை மேல் என்று தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு கோடுகூட வரவில்லை. கீலைக் கழற்றலாம் என்றால் அது வெளியே இருக்கிறது. என்னிடம் இருந்த ஆயுதம், கண்ணாடி ஆணி திருகும் ஸ்க்ரூ டிரைவர். பல் குத்தும் குச்சிதான் அது. அதைப் பலகை இடுக்கில் விட்டு நெம்பினேன். உடைந்தது.

மறுபடி கதவை அடித்தேன். இரண்டு கையாலும். நடு ஊர். விளக்குப் போடும் நேரம். ஆள் நடமாடும் தெரு. ஒருத்தர் காதிலும் விழாமலா போகும்?

விளக்கு அணைந்துவிட்டது, இருட்டாகிவிட்டது என்று நான் சொல்வேன் என எதிர்பார்ப்பீர்கள். அணையவில்லை. டியூப் லைட் கடைசி வரைக்கும் பளிச்சென்று எரிந்தது. அறையில் ஒரு மூலைகூட மறைவாக இல்லை. எல்லாம் தெரிந்தது. தெரிய வேண்டியது மட்டும் தெரியவில்லை.

"அம்மா, தண்ணி."

பாட்டிலை எடுத்தேன். மத்தியானம்தான் நிரப்பி வைத்தேன். கனமாகத்தான் இருந்தது. மூடியைத் திறந்து அவள் வாயில் சாய்த்தேன். ஒரு சொட்டு வரவில்லை. உள்ளே விரல் விட்டுப் பார்த்தேன். காய்ந்து போய், தூசியாக இருந்தது.

அறை சூடேறிக்கொண்டே வந்தது. நிறைய பேர் நெருக்கி உட்கார்ந்திருக்கும் பஸ்ஸில் வருமே, அந்தச் சூடு. அந்த வாடை. வியர்வை, தோல், பழைய கம்பளி...

மேஜையை இழுத்துப் பின்சுவரோரம் போட்டேன். அதன் மேல் ஸ்டூல். ஏறி அந்தத் துளையில் வாயை வைத்துக் கத்தலாம் என்று. ஏறினேன். விரலளவு வானம் தெரிந்தது. சாம்பல் நிறமாக.

பிறகு தெரியவில்லை.

வெளியே எதுவோ அதை மறைத்தது.

அந்த உயரத்தில் வெளியே ஆள் நிற்க முடியாது. ஒரு திண்டு இல்லை, மரம் இல்லை. வெறும் சுவர்.

மறைத்தது அசைந்தது. இந்தப் பக்கம்... அந்தப் பக்கம். அறையை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்ப்பது போல.

பிறகு ஒரு குரல். கோபம் இல்லை. அவசரம் இல்லை. அலுத்துப் போன குரல்.

"எல்லாரும் உள்ளயா?"

ஸ்டூலிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. முழங்காலில் ரத்தம். ஊர்ந்து போய் வாண்டுவைக் கட்டிக்கொண்டேன். அவள் தன் பாயில்தான் உட்கார்ந்திருந்தாள்.

டொக்.

இடது சுவர். வாசலை ஒட்டி. வெளியேயிருந்து கம்பால் ஒரு தட்டு. ஆனால் அந்தச் சுவருக்கு வெளியே என்று எதுவும் இல்லை. அந்தப் பக்கம் டெய்லர் கடை. பூட்டிய கடை.

தட்டு விழுந்த இடத்தில், சுவரடியில், தரையோடு தரையாக...

"உள்ளேன் ஐயா."

ஒரு ஆண் குரல். வறண்டு போன தொண்டை.

டொக். ஒரு ஆள் தள்ளி.

"உள்ளேன் ஐயா."

டொக்.

"உள்ளேன் ஐயா."

இளம் வயசுக் குரல் ஒன்று. இருமிக்கொண்டே ஒன்று. தட்டு சுவரைச் சுற்றி வந்தது. இடது சுவர் முடிந்தது. பின்சுவர். எழுத்துப் பலகைக்குக் கீழே இரண்டு குரல். டியூப் லைட் வெளிச்சத்தில் வெறும் தரை. வலது சுவர். நெருங்கி... நெருங்கி... எனக்கு ஒரு கை தூரத்தில்,

"உள்ளேன் ஐயா."

அந்த மூச்சு என் காதில் பட்டது.

டொக்.

இது என் மகளின் தலைக்கு மேல்.

அமைதி.

யாரும் பேசவில்லை. அறை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

டொக்.

மறுபடி அதே இடம்.

வாண்டு நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். முதல் வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. டீச்சர் பேர் கூப்பிட்டால் எழுந்து நின்று சொல்வது அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். அவள் உதடு அசைந்தது.

"உள்..."

வாயைப் பொத்தினேன். அழுத்திப் பொத்தினேன்.

வெளியே ஒரு பெருமூச்சு. பூட்ஸ் சத்தம் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தது. கதவருகே நின்றது. தாழ்ப்பாளைத் தொடவில்லை. திரும்பிப் போனது.

"எல்லாரும் உள்ளயா?"

டொக். "உள்ளேன் ஐயா." டொக். "உள்ளேன் ஐயா."

முதலிலிருந்து.

எத்தனை தடவை சுற்றியது என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் குரல்கள் தேய்ந்தன. முதலில் இருமியவன் இருமுவதை நிறுத்தினான். இளம் குரல் பாதியிலேயே உடைந்தது. ஒருத்தர் "உள்ளேன்" என்று மட்டும் சொன்னார், ஐயா சொல்லத் தெம்பில்லாமல். ஒவ்வொரு சுற்றும் என் மகளின் தலைக்கு மேல் வந்து நின்றது.

கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழே கால்.

டொக்.

அமைதி.

அப்போது சுவரடியிலிருந்து ஒரு கிசுகிசுப்பு.

"சொல்லிடும்மா..."

இன்னொன்று. அந்த மூலையிலிருந்து.

"தண்ணி தருவாங்க... சொல்லிடு..."

இன்னொன்று. இன்னொன்று. நாலா பக்கமும். கெஞ்சினார்கள். அழுதார்கள். பயமுறுத்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"யாராவது ஒருத்தர் சொல்லிடுங்க..."

வாண்டு என் விரலைக் கடித்தாள். கையை விலக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். அவள் உதடு வெடித்திருந்தது. ஒரு மணி நேரத்தில் அப்படி வெடிக்காது.

"அம்மா, நான் சொல்றேம்மா. பாவம்மா அவங்க."

"வேணாம்டா."

"என் தலைக்கு மேலதான் தட்டுறாங்க."

டொக்.

அவள் வாயைத் திறந்தாள்.

அவளைத் தூக்கி எனக்குப் பின்னால் போட்டேன். பாயில் நான் உட்கார்ந்தேன். தட்டு விழுந்த சுவரில் என் தலையை வைத்தேன்.

"உள்ளேன் ஐயா."

என் குரல்தான். எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அறை முழுவதும் மூச்சு விட்டது. ஒரே நேரத்தில்.

பூட்ஸ் சத்தம். சுற்றி வருகிறது. முன்னால். கதவருகே.

கிரீ...ச்.

கதவு திறந்தது.

நான் எழுவதற்குள் அவர்கள் எழுந்துவிட்டார்கள். பார்க்கவில்லை. ஆனால் இடித்தார்கள். தோளில், இடுப்பில், முதுகில். ஒருத்தர் பின் ஒருத்தராக என்னை உரசிக்கொண்டு வாசலுக்குப் போனார்கள். எலும்பு மாதிரி ஒரு முழங்கை என் விலாவில் பட்டது. யாரோ ஒருவர் வாண்டுவின் தலையைத் தடவியிருக்க வேண்டும். அவள் முடி ஒரு பக்கமாக அழுந்தி எழுந்ததைப் பார்த்தேன்.

கடைசியாக நான். மகளை மார்போடு அணைத்துக்கொண்டு நிலைப்படியைத் தாண்டினேன். தாண்டும்போது என் வலது தோளில் கம்பால் ஒரு தட்டு. மெதுவாகத்தான்.

டொக்.

ஓடினேன். கடையைப் பூட்டவில்லை, செருப்புப் போடவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. தெருவில் ஒரு ஈ, காக்கை இல்லை.

மறுநாள் கணவர் போய்ப் பார்த்தார். கதவு திறந்து கிடந்ததாம். லைட் எரிந்துகொண்டிருந்ததாம். ஒரு பொருள் களவு போகவில்லை. ஆனால் பெட்டியில் இருந்த லென்ஸ் எல்லாவற்றிலும் ஆவி படிந்திருந்தது. வாய் வைத்து ஊதினால் படியுமே, அப்படி. துடைத்தார். போகவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னைக் கேலி செய்யவில்லை. மாற்றலுக்கு எழுதிப் போட்டார். அந்த மாதமே அந்த ஊரை விட்டு வந்துவிட்டோம்.

புது ஊரில் வாண்டுவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். முதல் வாரமே டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். "நல்லாப் படிக்கிறா, நல்லாப் பேசுறா. ஆனா பேர் கூப்பிட்டா மட்டும் பதிலே சொல்ல மாட்டேங்குறா. பக்கத்துல இருக்கற பிள்ளைங்க வாயையும் பொத்துறா" என்றார்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு பகல் நேரத்தில், டெய்லர் அண்ணன் என் புதுக் கடைக்குள் வந்தார். எங்கே இருக்கிறோம் என்று டிப்போவில் விசாரித்து வந்திருக்கிறார். ஊசியில் நூல் கோக்க முடியவில்லையாம்.

உட்கார வைத்து ஃப்ரேமை மாட்டினேன். லென்ஸ் போட்டுக்கொண்டே நான்தான் கேட்டேன்.

"அந்த ரூம்ல என்னண்ணே நடந்துச்சு?"

அவர் பலகையைப் பார்த்தபடியே பேசினார். என் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை என்று நினைக்கிறேன்.

"முகாமா இருந்தப்போ, வேலை பிடிக்காம ஓடப் பார்த்த சிப்பாய்ங்களை அடைச்சு வைக்கற ரூம்மா அது. தினம் சாயங்காலம் கணக்கெடுப்பாங்க. எல்லாரும் இருந்தாத்தான் கதவைத் திறந்து வெளிய விடுவாங்க, தண்ணி கொடுப்பாங்க. ஒரு நாள் ஒருத்தன் எப்படியோ தப்பிச்சுப் போயிட்டான். கணக்கு சரியா வர்ற வரைக்கும் கதவைத் திறக்கக் கூடாதுன்னு தளபதி உத்தரவு போட்டுட்டாரு. ரெண்டு நாள்ல எங்கயோ சண்டைன்னு சேதி வந்துச்சு. ராவோட ராவா பட்டாளமே கிளம்பிப் போயிருச்சு. இவங்களை மறந்துட்டாங்களோ, வேணும்னே விட்டுட்டாங்களோ... தெரியாது."

"உள்ளயே வச்சா?"

"உள்ளயேதான். முகாமுக்கு வெளிய குடிசை போட்டு, சிப்பாய்ங்களுக்குப் புல்லு வித்தவங்க, துணி வெளுத்தவங்க, தச்சுக் கொடுத்தவங்க எல்லாம் உள்ள வந்தாங்க. காலி ரூம், காலி லாயம், தானியக் கிடங்கு. ஆளுக்கு ஒண்ணு பிடிச்சுக்கிட்டாங்க. அவங்கதான் ஊரோட முதல் குடும்பங்க. எங்க குடும்பமும் அதுல ஒண்ணு."

அவர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சாயங்காலம் ஆனா அந்த ரூம்லருந்து வரிசையா குரல் வருமாம். உள்ளேன் ஐயா, உள்ளேன் ஐயான்னு. வெளிய கேக்கறதுக்கு ஆளே இல்ல. ஆனா பதில் மட்டும் வந்துட்டே இருந்துச்சாம். நாளுக்கு ஒரு குரல் குறைஞ்சுதாம். தாழ்ப்பாளை இழுத்தாப் போதும். யாரும் இழுக்கல. திறந்தா அவங்க வந்து கேப்பாங்க, பிடிச்ச கிடங்கு போயிடும், ரூம் போயிடும். கடைசிக் குரல் நின்னப்புறம்தான் திறந்தாங்க. வருஷா வருஷம் ஊர் பிறந்த நாளுன்னு ஊர்வலம் விடுறோமே... அது அந்த நாள்தாம்மா."

என் கையிலிருந்த லென்ஸ் நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

"அப்ப வெளியேருந்து தட்டினது யாருண்ணே? உள்ளயான்னு கேட்டது யாரு?"

"கேட்டாங்களா?" அவர் முதல்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. "ஊர்ல யாரும் அதைக் கேட்டதில்லம்மா. எங்களுக்குப் பதில் மட்டும்தான் கேக்கும்."

இன்னொன்றும் கேட்டேன்.

"அன்னிக்கு சாயங்காலம் நீங்க எங்க இருந்தீங்க?"

"எதிர்த்தாப்ல. டீக்கடைக்குள்ள. சலூன்காரர், சைக்கிள் கடைக்காரர், கட்டடத்துக்காரர்... எல்லாரும் இருந்தோம்."

"நான் கதவைத் தட்டினது..."

"கேட்டுச்சும்மா. நீங்க கத்தினதும் கேட்டுச்சு. பாப்பா தண்ணி கேட்டதும் கேட்டுச்சு."

அவர் ஃப்ரேமைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"சத்தம் நிக்கட்டும்னு காத்துக்கிட்டிருந்தோம்."